எல்லாம் எடுத்தாச்சு, அப்புறம் என்ன வலி?

போன மாதம் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். நான் மண்டபத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வலது பக்க அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சின்ன அத்தை பார்த்துவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் எங்கள் சொந்தத்தில் யாரும் தும்மக்கூட முடியாது.

"ஏன்டி, அதான் கர்ப்பப்பையையே எடுத்துப் போட்டாச்சே. இன்னும் என்னடி வலி?"

"வாயு, அத்தை" என்றேன்.

எங்கள் பக்கத்தில் வாயு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரணை இல்லை. ஓமம் வரும், பெருங்காயம் வரும், கேள்வி வராது. அத்தை வெற்றிலையில் ஓமத்தை வைத்து மடித்துக் கொடுத்தாள். மென்றேன். ஆனால் கேள்வி மட்டும் என்னோடு வண்டியேறி வீடு வரை வந்துவிட்டது. ஐந்து வருடமாக இதே கேள்விதான். மாமியார் கேட்டார், பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், கடைக்கு வரும் பெண்கள் கேட்டார்கள், ஒரு முறை ஒரு டாக்டரே கேட்டார். ஒரு தடவையாவது முழுசாகப் பதில் சொல்லிப் பார்க்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன். அத்தை படிக்க மாட்டாள். பரவாயில்லை.

நான் காவேரிப்பட்டணத்தில் ஒரு இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் மனு எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். வீட்டுக்காரர் டாடா ஏஸ் ஓட்டுகிறார். மாம்பழ சீசனில் தோட்டத்திலிருந்து கூழ் ஆலைக்குப் பெங்களூரா ரக மாம்பழ லோடு, மற்ற நாளில் தக்காளி, தேங்காய். எனக்கு வயது 39. குழந்தை இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய்க்காக வயிற்றில் மூன்று ஆபரேஷன்.

வயதுக்கு வந்தது 1999-ல், எட்டாம் வகுப்பில். முதல் சில மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஆரம்பித்தது. மாதம் இரண்டு நாள் நான் பள்ளிக்கூடத்தில் இருக்க மாட்டேன். இருந்தாலும் பெஞ்சில் இருக்க மாட்டேன், பெஞ்சுக்கு அடியில் சுருண்டு கிடப்பேன். வாந்தி, வயிற்றுப்போக்கு, இடுப்பிலிருந்து முழங்கால் வரை கால் கழன்று விழுவது போல ஒரு கடுப்பு. பாட்டி மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்தாள். மருந்துக்கடை அண்ணன் என் முகத்தைப் பார்த்தாலே, கேட்காமலே, மெஃப்டால் என்ற வலி மாத்திரை அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்.

"கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்றார்கள். 2009-ல் கல்யாணம் ஆனது. "ஒரு புள்ள பெத்தா சரியாப் போயிடும்" என்றார்கள். பிள்ளை வரவில்லை, வலி மட்டும் தேதி தவறாமல் வந்தது. கணவன் மனைவியாக இருப்பதே வலித்தது. இந்த வரியை இங்கே எழுதிவிட்டேன், ஒரு டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல எனக்கு மூன்று வருடம் பிடித்தது. மலக்குடல் பக்கத்தில் யாரோ கம்பியைச் செருகி இழுப்பது போல, மாதவிலக்கு நாட்களில் கழிவறைக்குப் போவதற்கே பயந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பேன். அதையும் சொல்லவில்லை. நடுவில் மலைவேம்புச் சாறு குடித்தேன். அதியமான்கோட்டை காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமி அன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்றினேன். பைரவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மலைவேம்பின் கசப்புதான் இன்னும் நாக்கில் நிற்கிறது.

2012-ல் ஸ்கேன் எடுத்தபோதுதான் அதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. இடது சினைப்பையில் 8 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி, சாக்லேட் சிஸ்ட் என்றார்கள். வீட்டுக்காரர் நிம்மதியாக மூச்சுவிட்டார். "சாக்லேட்டா? அப்பப் பெரிசா ஒண்ணும் இருக்காது." அந்த நிம்மதி ஒரு வாரம் நீடித்தது. அப்புறம் ரத்தத்தில் சிஏ-125 என்று ஒன்று பார்த்தார்கள். 35-க்குள் இருக்க வேண்டியது எனக்கு 180-க்கு மேல். ஆய்வகத்தில் யாரோ ஒருவர், "இது கேன்சர் டெஸ்ட்தானே" என்று சொல்லிவிட்டார். இரண்டு ராத்திரி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. இந்த நோயிலும் அந்த எண் ஏறும், மாதவிலக்கு நாட்களில்கூட ஏறும் என்று மூன்றாம் நாள் டாக்டர் விளக்கினார். அந்த விளக்கத்தை ரத்தம் எடுத்த அன்றே சொல்லியிருக்கலாம்.

2013-ல் முதல் ஆபரேஷன். வயிற்றைக் குறுக்கே கிழித்துச் செய்தது. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வெளியே எடுத்ததைத் தட்டில் வைத்துச் சொந்தக்காரர்களிடம் காட்டுவார்கள். அன்றைக்கு வெளியே நின்றது அம்மா. அவளிடம் காட்டியிருக்கிறார்கள். எனக்கு மயக்கம் தெளிந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "சாக்லேட்டும் இல்ல ஒண்ணும் இல்ல பாப்பா, பழம்புளி கரைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

அம்மா தை மாதத்திலிருந்து சித்திரை வரை புளி உடைப்பவள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துச் சந்தைக்கு அனுப்புவாள். புதுப்புளி செம்மண் நிறத்தில் இருக்கும், அடுத்த வருடம் வரை வைத்திருந்தால் கறுத்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும். அதே கதைதான் என் வயிற்றிலும். ஒவ்வொரு மாதமும் அந்தக் கட்டிக்குள்ளேயும் கொஞ்சம் ரத்தம் கசியும். வெளியேற வழியில்லாமல் தேங்கி, தடித்து, கறுத்துப்போகும். மெடிக்கல் புத்தகத்தில் எத்தனை பக்கமோ, அம்மா அதைப் புளிக்கூடையிலேயே படித்துவிட்டாள்.

எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரை எழுத்துக்கூட்டப் பழகிய பிறகு நானே தேடிப் படித்தேன். கருப்பைக்கு உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது, அதுதான் மாதாமாதம் உரிந்து ரத்தமாக வெளியேறுகிறது. அதைப் போன்ற ஒரு திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையின் மேல், குடலின் மேல், சிறுநீர்ப்பையின் மேல் எல்லாம் வளருவதுதான் இந்த நோய். அங்கேயும் அது மாதக்கணக்குப்படி வீங்கும், கசியும், சுற்றியிருப்பதைப் புண்ணாக்கும். ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1927-ல், மாதவிலக்கு ரத்தம் கொஞ்சம் பின்பக்கமாக, சினைக்குழாய் வழியே வயிற்றுக்குள் போய் அங்கே முளைக்கிறது என்றார். அப்படிப் பின்னால் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. ஆனால் முளைப்பது சிலருக்குத்தான். ஏன் அந்தச் சிலருக்கு மட்டும் என்பதற்கு இன்றைக்கும் ஒரே பதில் கிடையாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேர், அதாவது 19 கோடி பேர். இதைப் படித்த மறுநாள் கடையில் வரிசையில் நின்ற பெண்களை எண்ணினேன். பதினொரு பேர். நான் ஒருத்தி. இன்னும் ஒருத்தி யாரோ.

சரி, அத்தையின் கேள்விக்கு வருகிறேன்.

கட்டியை எடுத்த பிறகு ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் பழைய வலியும் வந்தது, கூடவே புதிதாக ஒன்றும் வந்தது. பழையது தேதி பார்த்து வரும். புதியதற்குத் தேதி கிடையாது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஏ4 பேப்பர் கட்டை எட்டி எடுத்தால் இழுக்கும். படுக்கையில் இடதுபக்கம் புரண்டால் இழுக்கும். சிறுநீரை அடக்கினால் இழுக்கும். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கினால் உயிரே இழுக்கும். பாவாடை நாடா உள்ளே சுருண்டு முடிச்சாகி ஒரு பக்கமாகச் சிக்கிக்கொள்ளும் இல்லையா, அந்த மாதிரி. எங்கே பிடித்து இழுத்தாலும் வேறு எங்கோ சுருங்கும்.

ஸ்கேன் எடுத்தால் நார்மல். மறுபடி எடுத்தால் மறுபடி நார்மல். என் ஃபைலில் நார்மல் என்று அச்சடித்த தாள் மட்டும் ஏழு இருக்கிறது. உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று நாராக ஒட்டிக்கொள்வதை ஒட்டல் என்கிறார்கள், சாதாரண ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவரை "மனசுல எதையும் வெச்சுக்காதீங்க" என்ற அறிவுரையை மூன்று பேரிடம் காசு கொடுத்து வாங்கினேன்.

2017-ல் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்துவிட்டு பெங்களூரு போனோம். இந்த முறை கிழிக்கவில்லை, நான்கு சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்துச் செய்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். எழுந்ததும் வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. வயிற்றை உப்ப வைக்க அடைத்த வாயு உதரவிதானத்தைச் சீண்டுவதால் அப்படியாம். (பார், அத்தை, அன்றைக்கு நிஜமாகவே வாயுதான்.) கடைசியில் டாக்டர் சொன்னார், "நாலாம் ஸ்டேஜ்." அம்மா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். இது கேன்சர் ஸ்டேஜ் இல்லை, ஒட்டலுக்கும் கட்டிக்கும் மார்க் போட்டு, 40-ஐத் தாண்டினால் நாலாம் ஸ்டேஜ் என்று சொல்வது, வலிக்கும் அந்த மார்க்குக்கும் பெரிய சம்பந்தம்கூட இல்லை என்று ஒரு நர்ஸ் அக்காதான் அவளுக்குப் புரியவைத்தார். முதல் ஸ்டேஜில் துடிப்பவர்களும் உண்டு, நாலாம் ஸ்டேஜில் ஒன்றும் தெரியாதவர்களும் உண்டு.

ஆபரேஷன் வீடியோவை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பட்டா மனு போடும் அதே கம்ப்யூட்டரில் என் வயிற்றைப் பார்த்தேன். முதலில் எது எது என்றே புரியவில்லை. டாக்டர் குறித்துக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கருப்பையின் முதுகில் குடல் அப்பிக்கொண்டு கிடக்கிறது. இரண்டு சினைப்பைகளும் தம் இடத்தை விட்டு இறங்கி, கருப்பைக்குப் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவே வெள்ளை வெள்ளையாகப் பலாச்சுளை நார் மாதிரி இழைகள். கத்தரி ஒவ்வொன்றாக வெட்டுகிறது. சில இழை காற்றில் ஆடும் ஒட்டடை போல லேசாக விட்டுக்கொடுக்கிறது. சிலது விடவில்லை. குடலில் ஓட்டை விழாமல் அதைப் பிரித்தெடுக்க அவர்கள் எவ்வளவு நிதானமாக இருந்தார்கள் என்பதைப் பார்த்தபோது, அதுவரை டாக்டர்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

இந்த ஒட்டல் ஏன் வந்தது என்பதை எனக்கு விளங்கவைத்தது மருத்துவர் இல்லை, என் மாமா. சந்தூரில் மாங்கன்று நர்சரியில் ஒட்டுக் கட்டுபவர். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நெருக்கு ஒட்டு என்று ஒன்று உண்டு. கொட்டைக் கன்றின் தண்டில் ஒரு சீவல், தாய்மரக் கிளையில் ஒரு சீவல், இரண்டு வெட்டுவாயையும் முகத்துக்கு முகம் வைத்து இறுக்கிக் கட்டிவிடுவார். இரண்டு மூன்று மாதத்தில் இரண்டும் ஒரே உடம்பாகிவிடும். வீடியோவில் பார்த்ததைச் சொன்னபோது மாமா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்புறம் சொன்னார், "சும்மா சேத்துக் கட்டினா வருஷம் ஆனாலும் ஒட்டாது பாப்பா. ரெண்டு பக்கமும் தோல் போயிருக்கணும். காயம் பட்டாத்தான் ஒட்டும்."

வயிற்றுக்குள்ளேயும் அதேதான். குடல், கருப்பை எல்லாவற்றின் மேலும் வழவழப்பான ஈரச் சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அது இருப்பதால்தான் நாம் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் உள்ளே ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சவ்வு நோயால் புண்ணாகட்டும், கத்தியால் வெட்டுப்படட்டும், உடம்புக்கு இரண்டும் காயம்தான். காயத்தை மூட ரத்தம் ஒரு பசை வலையைப் பின்னுகிறது. நல்லபடி நடந்தால் சில நாளில் உடம்பே அதைக் கரைத்துவிடும். கரையாத இடத்தில், ஒரு வாரத்துக்குள்ளாகவே அது நாராகிவிடுகிறது. மாமாவுக்கு மூன்று மாதம் ஆகிற வேலை வயிற்றுக்கு ஏழு நாள்.

அதாவது, ஒட்டலைப் பிரிக்க வெட்டுகிறார்கள். வெட்டிய இடம் காயம். காயம் பட்ட இடம் ஒட்டும். கிழித்துச் செய்வதைவிடக் கேமரா வழியாகச் செய்வதில் இது குறைவு, ஆனாலும் இல்லாமல் போகாது.

2017-க்குப் பிறகு ஆறு மாதம், மாதம் ஒரு லியூப்ரோலைடு ஊசி போட்டார்கள். சினைப்பையைத் தூங்க வைக்கும் ஊசி. 31 வயதில் எனக்கு மாதவிலக்கு நின்ற கிழவியின் உடம்பு. மார்கழிக் குளிரில் மாமியார் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருக்க, நான் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருப்பேன். வலி குறைந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் எலும்பு தேயும் என்பதால் அந்த ஊசியை அப்படியே வருடக்கணக்கில் போட முடியாது. நிறுத்தினோம். பிள்ளைக்கு முயன்றோம். வரவில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள்.

2020 ஜனவரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்குள் ரத்தப்போக்கு மாதத்தில் பதினைந்து நாள் என்றாகி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியிருந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்தான் செய்துகொண்டேன். ஊரில் எத்தனை பேருக்கு அந்த அட்டைக்கு அலைந்திருப்பேன், அன்றைக்கு என் பேரே பட்டியலில் வந்தது. இடது சினைப்பையையும் கர்ப்பப்பையோடு எடுத்தார்கள். 34 வயதுதானே என்று வலதை விட்டுவைத்தார்கள். ரத்தப்போக்கு நின்றது. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பேருந்தில் எழுந்திருக்கும்போது சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போவது எவ்வளவு பெரிய சுகம் என்று ஆண்களுக்குச் சொன்னால் புரியாது.

ஆனால் நோய் கர்ப்பப்பைக்கு உள்ளே இருந்ததில்லை, வெளியே இருந்தது. குடலின் மேல் ஒட்டியிருந்த சில புள்ளிகளைத் தொட்டால் குடலுக்கு ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். வலது சினைப்பை இன்னும் ஹார்மோன் சுரக்கிறது, அந்தப் புள்ளிகளுக்கு அதுவே சாப்பாடு. போதாததற்கு மூன்றாவது தடவையாக வெட்டுப்பட்ட வயிறு, மாமாவின் நர்சரி மாதிரி, தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. கர்ப்பப்பை போனது, அது இருந்த இடத்தில் குடல் இறங்கி ஒட்டிக்கொண்டது. அத்தை, இதுதான் பதில். காதுகுத்து மண்டபத்தில் இதைச் சொல்ல ஆரம்பித்திருந்தால் கையிலிருந்த வெற்றிலையே வாடிப்போயிருக்கும்.

2022 மாட்டுப் பொங்கல் அன்று பனங்கிழங்கு தின்றேன். ஆசையாக நான்கு. சாயங்காலமே வயிறு முறுக்க ஆரம்பித்தது. அலையலையாக வரும், உச்சிக்குப் போகும், விடும், மறுபடி வரும். ராத்திரிக்குள் வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. பச்சைப் பச்சையாக வாந்தி. மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஒமிக்ரான் நேரத்து முழு ஊரடங்கு. டாடா ஏஸ் முன்சீட்டில் என்னைச் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் தர்மபுரிக்கு ஓட்டினார். சாலையில் ஈ காக்கை இல்லை. வழியில் மறித்த போலீஸ்காரர் லைட் அடித்து என் முகத்தைப் பார்த்தார், பேப்பர் எதுவும் கேட்காமல் தடுப்பை நகர்த்தினார்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். குடலில் படிக்கட்டு மாதிரி தண்ணீர்க் கோடுகள். ஒட்டல் நார் குடலை மடக்கிப் பிடித்துக்கொண்டது, கிழங்கின் நார் அந்த இடத்தில் போய் அடைத்துக்கொண்டது. "தண்ணி குடிக்கிற மாதிரி முழுங்கும்மா" என்று சொல்லிக்கொண்டே மூக்கு வழியாக ஒரு குழாயை வயிற்றுக்கு இறக்கினார்கள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, டிரிப் மட்டும். குடல் தானாக விடுகிறதா என்று பார்ப்போம், விடாவிட்டால் திறந்துதான் ஆக வேண்டும் என்றார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே ஒரு கேள்வி. நர்ஸ், டாக்டர், ஹவுஸ் சர்ஜன் பையன், துப்புரவு அம்மா, பக்கத்துக் கட்டில் பாட்டி, எல்லோருக்கும் அதே கேள்வி: "காத்து பிரிஞ்சுதாம்மா?" வார்டே அதற்காகக் காத்திருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் பிரிந்தது. பக்கத்துக் கட்டில் பாட்டிக்குத்தான் முதலில் தெரிந்தது, அவள்தான் நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னாள். வீட்டுக்காரர் வராந்தாவில் நின்று ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். "காத்து பிரிஞ்சிடுச்சு, காத்து பிரிஞ்சிடுச்சு." பிள்ளை பிறந்த சேதியை ஊருக்குச் சொல்வது போல.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வயிற்றில் பழைய ஆபரேஷன் இருந்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். விட்டு விட்டு வரும் முறுக்கு வலி, வயிறு உப்பல், வாந்தி, காற்றும் பிரியாமல் இருப்பது, இவை சேர்ந்து வந்தால் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்க வேண்டாம். நான் காத்திருந்தேன், தப்பு.

டிஸ்சார்ஜ் அன்று சர்ஜன் சொன்னது: நார் அதிகமுள்ளதைக் குறையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், எதையும் கூழாகும் வரை மென்று விழுங்குங்கள். இதில் கடைசி வாக்கியம்தான் எங்கள் வீட்டில் பெரிய சண்டையானது. எங்கள் ஊர்ச் சாப்பாடு களி. களியை யாரும் மெல்ல மாட்டார்கள். உருட்டி, குழியாக்கி, குழம்பில் தொட்டு அப்படியே உள்ளே தள்ளுவதுதான் முறை. மாமியார் கையால் கிண்டிய கேழ்வரகுக் களியை நான் மென்றேன். மெல்ல மெல்ல அது வாயில் சுண்ணாம்பு போலப் பெருகிக்கொண்டே போகும். மாமியார் தெருவெல்லாம் சொன்னார், "களியை மெல்லுறவளை எங்கனா பாத்திருக்கீங்களா?" அப்புறம் களியையே விட்டேன். அதற்கும், "களி திங்காத உடம்புல தெம்பு எங்கிருந்து வரும்? அதான் வலி."

இப்போது தினமும் ராத்திரி டையனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் ஒன்று. மிச்சமுள்ள சினைப்பையை அடக்கி வைக்க. நரம்பு வலிக்கு இன்னொரு மாத்திரை. வெந்நீர்ப் பை கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று, வண்டியில் ஒன்று. கடைக் கதவில் '10 நிமிடத்தில் வருகிறேன்' என்று ஒரு போர்டு. வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு நேரம் என்று தெரியும். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார்கள்.

இன்னொன்றும் செய்கிறேன். எக்செல்லில் ஒரு தாள். தேதி, வலி பத்துக்கு எவ்வளவு, எந்த இடம், என்ன சாப்பிட்டேன், மலம் போனதா, எத்தனை மாத்திரை. 2023-லிருந்து வைத்திருக்கிறேன். "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்று பதினைந்து வருடம் சொல்லியிருக்கிறேன், யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. மூன்று பக்கம் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்தேன், டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அரசாங்க மனுவோ வயிற்று வலியோ, இந்த நாட்டில் இணைப்பு இல்லாமல் எதுவும் நகராது. போன வருடம் ஒரு அம்மா, பிளஸ் டூ படிக்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருமானச் சான்றிதழுக்கு வந்தார். அந்தப் பெண் கவுன்டரில் நெற்றியை வைத்துக் கவிழ்ந்து நின்ற விதம் எனக்குத் தெரிந்த விதம். "மாசா மாசம் இப்படித்தான், ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்றார் அம்மா. அந்த எக்செல் தாளை வெறுமையாக நான்கு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். சான்றிதழுக்கு மட்டும்தான் காசு வாங்கினேன்.

2024-ல் ஒரு டாக்டர் நான்காவது ஆபரேஷனைப் பற்றிப் பேசினார். வலது சினைப்பையையும் எடுத்துவிட்டு, ஒட்டலையும் பிரித்துவிடலாம் என்றார். நல்ல டாக்டர், அவசரப்படுத்தவில்லை. எடுத்தால் வலி போகுமா என்று கேட்டேன். நோயால் வரும் வலி குறையலாம், ஒட்டலால் வரும் வலிக்கு உத்தரவாதம் தர முடியாது என்றார். மறுபடி ஒட்டுமா? ஒட்டலாம். பிரிக்கும்போது குடலில் ஓட்டை விழுமா? வாய்ப்பு உண்டு. சினைப்பையை எடுத்த அன்றே எனக்கு மெனோபாஸ். அது எப்படி இருக்கும் என்று அந்த ஆறு மாத ஊசி ஏற்கனவே காட்டிவிட்டது.

வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம் என்றேன். ஆபரேஷனே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2017-ல் செய்ததும் 2020-ல் செய்ததும் தேவைப்பட்டுத்தான் செய்தோம். நாளைக்கே குடல் முழுசாக அடைத்துக்கொண்டால், அன்றைக்கு ராத்திரியே திறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். ஆனால் எக்செல் தாளில் என் சராசரி நாள் நாலு. நாலோடு கடை நடத்த முடிகிறது. அதை இரண்டாக்கலாம் என்ற ஆசையில் எட்டாக்கிக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. டாக்டர் ஃபைலில் எதையோ எழுதிவிட்டு, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அப்படியே போய்க்கொண்டிருக்கிறேன்.

மாமியார்தான் ஆச்சரியம். போன ஆடி மாதம் ஒரு நாள் பழைய வேட்டித் துணியில் கேழ்வரகு மாவைச் சலித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சலித்த மாவில் தவிடு இல்லாமல், நொய்யும் போடாமல், தனியாக ஒரு சின்னச் சட்டியில் தளதளவென்று கிண்டிக் கொண்டுவந்து வைத்தார். களியும் இல்லை, கூழும் இல்லை. அதற்கு எங்கள் வீட்டில் இன்னும் பெயர் வைக்கவில்லை.

இன்று காலையும் அந்தச் சட்டிதான். கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "இன்னிக்கு எவ்வளவு?" என்றார்.

"நாலு."

"நாலுன்னா கடைக்குப் போலாம்" என்று அவரே முடிவு செய்துவிட்டு உள்ளே போனார். உப்பு கம்மியாக இருந்தது. சொல்லவில்லை.